“மேல பார்த்தியாடா?” - கல்குவாரிக்குப் போகும் பேரனிடம் ஒரு கோலார் தாத்தா கேட்கும் கேள்வி!

வெள்ளிக்கிழமை காலை. ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. ஜவ்வாது மலை அடிவாரக் கிராமங்களிலிருந்து வந்த ஆடுகள் ஒரு பக்கம், விலை பேசும் வியாபாரிகள் இன்னொரு பக்கம். சந்தையின் ஓரத்தில் டீக்கடை பெஞ்ச். அங்கேதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தோம். வயது 76. இரண்டு ஆடுகளை விற்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாய் டீக்கும் நடுவே ஓர் இருமல்.

“31 வருசம் கோலாருல இருந்தேன் தம்பி. ஆம்பூர்ல ரயிலு ஏறி, பங்காருப்பேட்டையில மாறி, மாரிக்குப்பத்துல எறங்குவோம். எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் அங்க இருந்தோம். 2001-ல மூடிட்டாங்க. ஆடு மேய்க்க வந்துட்டேன்” என்று சிரித்தார்.

பேச்சு சுற்றி வந்து பேரனிடம் நின்றது. பேரனுக்கு 23 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர், கூடுதல் சம்பளம் என்று கல்குவாரிக்குப் போயிருக்கிறார். பாறையில் துளை போடும் ஜாக்கி ஹேமர் ஆளுக்கு உதவியாள். வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருவார். வந்தவுடன் தாத்தா கேட்கும் முதல் கேள்வி, ‘சாப்பிட்டியா?’ இல்லை.

“மேல பார்த்தியாடா?”

தொப்பி போட்டாயா, கையுறை கொடுத்தார்களா என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. தலைக்கு மேலே நிற்கும் பாறையைப் பார்த்தாயா, அதில் விரிசல் இருக்கிறதா, அதை யாராவது தட்டிப் பார்த்தார்களா... இதுதான் அவருடைய கவலை. “தொப்பி இன்னா பண்ணும் தம்பி? பத்து டன் கல்லு விழுந்தா தொப்பி தாங்குமா?” என்கிறார்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால், சுரங்கப் பாதுகாப்பு பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்டிருக்கும் விதிகளின் சாரம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. எது முதல், எது கடைசி என்பதுதான் விஷயம்.

அரை நாள் சம்பளம் போச்சு!

பேரனிடம் பேசினோம். பெயரையும் குவாரி இருக்கும் இடத்தையும் குறிப்பிட வேண்டாம் என்றார்.

“ரெண்டு நாள் மழை பேஞ்சு வுட்டுச்சுங்க. மூணாவது நாள் வேலைக்குப் போனா, மேல விளிம்புல நீளமா ஒரு வெடிப்பு. கை நுழையற அளவுக்கு. மேஸ்திரிகிட்ட சொன்னேன். ‘இன்னிக்கு லோடு போவட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்’னாரு. எனக்குத் தாத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு. துளை போடாம வெளிய வந்துட்டேன். அரை நாள் சம்பளத்தைப் புடிச்சுட்டாங்க.”

கல் விழுந்ததா?

“அதாங்க பிரச்னையே. விழல. நாலு நாள் ஆச்சு, இன்னும் விழல. கூட வேலை செய்யறவங்க என்னைப் பாத்து, ‘பயந்தாங்கொள்ளி’ன்னு சிரிக்கிறாங்க. திரும்பப் போறதா வேணாமான்னு யோசிச்சுக்கினு இருக்கேன்.”

தாத்தா குறுக்கிட்டார். “விழுந்தாத்தான் நீ சொன்னது சரின்னு இல்லடா. விழாத அன்னிக்கு வெளிய வந்தவன்தான் வீட்டுக்கு வருவான்.”

குவாரியும் சுரங்கம்தான்!

சுரங்கம் என்றதும் நமக்கு நெய்வேலியும் கோலாரும் ஞாபகத்துக்கு வரும். ஊர் எல்லையில் இருக்கும் கல்குவாரியை யாரும் சுரங்கமாக நினைப்பதில்லை. ஆனால், 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அப்படி நினைத்தது. ஜல்லிக்கும் கட்டடக் கல்லுக்கும் தோண்டும் சிறிய குழிகளுக்கு மட்டும் அது பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: ஆழம் எங்கேயும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. இதில் ஒன்றை மீறினாலும் விலக்கு போய்விடும். இன்று நம் மாவட்டங்களில் வெடி வைக்காமல் ஓடும் கருங்கல் குவாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, பேரன் வேலை பார்க்கும் இடம் சட்டத்தின் கண்ணில் ஒரு சுரங்கம். அதுகூட அவருக்குத் தெரியாது. “கல்லு ஒடைக்கிற எடம்”, அவ்வளவுதான்.

குவாரி எப்படிக் கொல்லும் என்பதைத் தமிழ்நாடு சமீபத்தில் இரண்டு முறை பார்த்தது.

2022, மே 14. திருநெல்வேலி மாவட்டம், அடைமிதிப்பான்குளம். இரவு நேரத்தில் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பல நூறு அடி ஆழக் குழியின் பக்கச் சுவரிலிருந்து பாறை சரிந்தது. ஹிட்டாச்சிகளும் லாரிகளும் அடியில் மாட்டின. சிக்கியவர்கள் 6 பேர். 2 பேர் பிழைத்தார்கள், 4 பேர் இறந்தார்கள். நம் பக்கத்து அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை அங்கே போனது. மேலேயிருந்து மீண்டும் மீண்டும் பாறை சரிந்ததால் மீட்க வந்தவர்களே தயங்கி நிற்க வேண்டிய நிலை. கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

2025, மே 20. சிவகங்கை மாவட்டம், சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டை. வெடி வைப்பதற்காகத் துளை போடும் வேலை நடந்தபோது பாறை சரிந்தது. 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒடுகத்தூர்ப் பேரன் செய்யும் அதே வேலை.

இரண்டு இடத்திலும் உயிரைப் பறித்தது தலைக்கு மேலே நின்ற சுவர். ஹெல்மெட் இருந்திருந்தாலும் இல்லாதிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

எதற்கு எத்தனை மார்க்?

ஒரு குவாரியில் ஆபத்துகளை எழுதச் சொன்னால் யாரும் இருபது எழுதிவிடலாம். பாறை சரிவு, வெடி, தூசி, டிப்பர் பின்னால் வருவது, கம்ப்ரசர் குழாய் கழல்வது, கை நசுங்குவது, வெயில், சத்தம், குடிநீர் இல்லாதது... இருபதும் உண்மை. ஆனால், இருபதையும் ஒரே நாளில் சரிசெய்ய எந்த முதலாளியிடமும் பணமோ ஆளோ இருக்காது. எதை முதலில் எடுப்பது?

இதற்குச் சுரங்கப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆபத்துக்கும் மூன்று கேள்விகள். நடந்தால் எவ்வளவு பெரிய சேதம்? அந்த ஆபத்தின் எதிரே ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார்? நடக்க வாய்ப்பு எவ்வளவு? மூன்றுக்கும் மார்க் போட்டுப் பெருக்க வேண்டும். அதிக மார்க் வாங்கியதுதான் முதல் வேலை.

உதாரணத்துக்கு நாமே ஒரு குவாரிக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுப் பார்த்தோம். கை நசுங்குவது அடிக்கடி நடக்கும், சேதம் சிறியது: 2 × 8 × 8 = 128. பாறை சரிவு எப்போதாவதுதான் நடக்கும். ஆனால், நடந்தால் ஒரே நேரத்தில் பல உயிர்: 10 × 8 × 3 = 240. தூசி தினமும் உண்டு, நாள் முழுக்க உண்டு, நுரையீரலை அழிக்கும்: 8 × 10 × 8 = 640.

தூசிதான் முதலிடம்! நாமே எதிர்பார்க்கவில்லை. குவாரியின் விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால் கை நசுங்கியதுதான் அதிக முறை இருக்கும். தூசி ஒரு முறைகூட இருக்காது. காரணம், தூசியில் இறப்பவர் குவாரியில் இறப்பதில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து வீட்டுத் திண்ணையில், ‘டி.பி. வந்து செத்தார்’ என்ற பெயரில் இறக்கிறார். பதிவேட்டை மட்டும் பார்த்து முன்னுரிமை தீர்மானித்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

எதை முதலில் எடுப்பது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, அதை எப்படிச் சரிசெய்வது? இதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1995-ல் கொண்டுவந்த 176-வது உடன்படிக்கை சுரங்கங்களுக்கானது. அதன்படி முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய வேண்டும். முடியாவிட்டால், அது பிறக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும். அதுவும் போதாதென்றால், வேலை முறையை மாற்றிக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட், முகக்கவசம், பூட்ஸ்.

நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. ஆய்வுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் வெளியே வருவது புது ஹெல்மெட்தான். விலை குறைவு, போட்டோவில் நன்றாகத் தெரியும். பாறைச் சுவரைப் படிப்படியாக வெட்டுவது அப்படியில்லை. நாள் பிடிக்கும், காசு பிடிக்கும், போட்டோவில் யாருக்கும் புரியாது.

அந்தப் ‘படி’ என்ன? நம் கோயில் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே படிக்கட்டாக இறங்கும். ஒரு படியிலிருந்து கல் விழுந்தாலும் அடுத்த படி அதைப் பிடித்துக்கொள்ளும். குவாரியும் அப்படித்தான் மேலிருந்து கீழாக, அகலமான படிகளாக வெட்டப்பட வேண்டும். அடியைக் குடைந்து மேல்பாறையைத் தொங்கவிடக் கூடாது என்று சுரங்க விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால், படி விட்டால் அந்த அகலத்தில் இருக்கும் கல்லை எடுக்க முடியாது. குத்தகை நிலத்தின் எல்லைவரை செங்குத்தாக வெட்டினால் லோடு அதிகம். கிணறு மாதிரி நேராக இறங்கும் குவாரிகள் இப்படித்தான் உருவாகின்றன.

கோலார் சொல்லும் இரண்டு பாடம்

“எங்க மைன்ஸ்ல இந்தக் கதையெல்லாம் நடக்கலியா?” என்று கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோலார் தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி காலடி வைத்தது. வடாற்காடு, சித்தூர், தருமபுரி பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே போயின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். அதன் சூடு 60 டிகிரிக்கு மேல். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

“ஏர் பிளாஸ்ட்னு சொல்லுவோம். சும்மா இருக்கிற பாறை டமார்னு வெடிக்கும். வெடி வெக்காமயே. மேல ஊர்ல இருக்கிற வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும். சத்தம் கேட்டா பொம்பளைங்கெல்லாம் சாஃப்ட் வாசலுக்கு ஓடியாந்து நிப்பாங்க. யார் வூட்டு ஆளுன்னு தெரியாதே...”

ஆழத்தில் பாறையின் மேல் இருக்கும் அழுத்தம் பயங்கரமானது. நடுவில் தங்கத்தை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டானதும், அந்த அழுத்தம் தாங்காமல் பக்கத்துப் பாறை வெடித்துச் சிதறும். இதற்கு ஹெல்மெட் பதிலில்லை என்று கோலார் பொறியாளர்கள் புரிந்துகொண்டார்கள். வெட்டிய இடத்தை வெறுமனே விடாமல் கருங்கல்லால் சுவர் அடுக்கினார்கள். பின்னர் கான்கிரீட் நிரப்பினார்கள். எந்த வரிசையில் வெட்டினால் அழுத்தம் ஒரே இடத்தில் சேராது என்று கணக்குப் போட்டார்கள். பாறைக்குள் எழும் அதிர்வைக் கேட்கக் கருவிகள் பொருத்தினார்கள். 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது கோலார் தங்கவயலில்தான். நம் தாத்தாக்கள் கொடுத்த விலையில் வந்த அறிவு அது. ஏர் பிளாஸ்ட் முற்றிலும் நிற்கவில்லை. ஆனாலும், அதைப் பட்டியலின் மேலே வைத்துப் போராடினார்கள். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் பெரியவரின் நெஞ்சுக்குள் இருக்கிறது. 1940-களில் கோலாரில் 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது. கல் தூசியில் இருக்கும் சிலிக்கா என்ற நுண்துகள் நுரையீரலில் போய்ப் படிந்து, தழும்பாக இறுகிவிடும் நோய் அது. குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் வளரும். சிலிகோசிஸ் இருப்பவரை டி.பி. எளிதில் பிடிக்கும். இரண்டுக்கும் இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு என்று அறிகுறிகளும் ஒன்றுபோல இருப்பதால், ‘டி.பி.’ என்று மட்டும் எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

தடுக்க வழி உண்டா? உண்டு. துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி பறக்காமல் சேறாக வழியும். முகக்கவசத்தைவிடப் பல மடங்கு நல்ல வழி இது. தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது!

பேரனிடம் கேட்டோம், “உங்க குவாரியில தண்ணி வுட்டுத் துளை போடுறாங்களா?”

“தண்ணியா? குடிக்கவே கேன்தாங்க.”

கர்ச்சீப்தான் அவருடைய முகக்கவசம். மாலையில் அதை உதறினால் மாவு மில்லில் வேலை பார்த்தவர் போல வெள்ளையாகக் கொட்டுமாம்.

நம்ம ஊர் சுவர்

சுவரைக் கடைசியில் வைக்கும் இந்தப் பழக்கம் குவாரியோடு முடிவதில்லை. தோல் பதனிடும் நம் மாவட்டங்கள் அதற்கு ஒரு பெரிய விலை கொடுத்திருக்கின்றன. 2015, ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அந்தத் தொட்டி தோல் தொழிலின் கழிவு. குவாரிச் சுவர் கட்டுமானத் தொழிலின் மிச்சம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சுவர் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள்?

ஜார்க்கண்டில் இருக்கும் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்திலும் இதே கேள்விதான். 1975, டிசம்பர் 27 அன்று, மேலே இருந்த பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. 375 பேர் இறந்தார்கள். இந்திய வரலாற்றின் மிகப்பெரிய சுரங்கத் துயரங்களில் ஒன்று.

நிறுத்து என்று யார் சொல்வது?

பட்டியல் சரி, வரிசையும் சரி. வெடிப்பைப் பார்த்த அன்று காலை, வேலையை நிறுத்து என்று யார் சொல்ல வேண்டும்? இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

குவாரிக்குக் குத்தகை கொடுப்பது மாநில அரசின் கனிமவளத் துறை. தொழிலாளியின் பாதுகாப்பைப் பார்ப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகம். அதன் தலைமையகம் ஜார்க்கண்டின் தன்பாத்தில். வெடிபொருள் உரிமத்தைப் பார்ப்பது இன்னொரு மத்திய அமைப்பு. அதன் தலைமையகம் நாக்பூரில். மூன்று அலுவலகம். பேரனுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி மேஸ்திரிதான். மேஸ்திரியின் வருமானம் லோடு கணக்கில். வேலையை நிறுத்தினால் அவருக்கும் நஷ்டம்.

உற்பத்தி ஒரு கையில், பாதுகாப்பு ஒரு கையில் இருக்கும்போது எந்தக் கை கனக்கும் என்பதற்கு வெளிநாட்டிலும் சாட்சி உண்டு. நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010, நவம்பர் 19-ல் நடந்த வெடிப்பில் 29 பேர் இறந்தார்கள். விசாரித்த அரச ஆணையம், மீத்தேன் வாயு அபாய அளவை எட்டியதாகப் பல எச்சரிக்கைகள் வந்தும், நிலக்கரி எடுக்கும் அவசரத்தில் அவை கவனிக்கப்படவில்லை என்று 2012-ல் சொன்னது. எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருந்தது. படித்து, நிறுத்த ஆள் இல்லை.

அதனால்தான் அந்த 176-வது உடன்படிக்கை தொழிலாளிக்கு ஓர் உரிமையைக் கொடுக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நினைத்தால், சுரங்கத்தில் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்யவில்லை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், உடனடி ஆபத்து தெரிந்தால் முதலாளியிடம் சொல்லவும் ஆய்வு அதிகாரிக்குத் தெரிவிக்கவும் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. சொல்லலாம், சரி. சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு அன்றைய சம்பளம்?

நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளர்களும் இடம்பெறும் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று 1955-ம் ஆண்டின் சுரங்க விதிகளிலேயே உண்டு. பதினைந்து, இருபது பேர் வேலை செய்யும் நம் ஊர்க் குவாரிக்கு அந்தக் குழு கிடையாது. ஆபத்து மட்டும் ஆள் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது குவாரிக்கோ கிரஷருக்கோ போகலாம். கணவராக, மகனாக, தம்பியாக இருக்கலாம். அவரிடம் இன்று இரவு சாப்பாடு போடும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள். இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

1. நீ நிற்கும் இடத்துக்கு மேலே பாறை படிப்படியாக வெட்டியிருக்கிறதா, நேர்ச் சுவராக நிற்கிறதா? மழைக்குப் பிறகும் வெடி வைத்த பிறகும் யார் மேலே போய்ப் பார்க்கிறார்கள்?

2. வெடி வைப்பவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா? வெடிக்கும் முன் சைரன் ஊதி எல்லோரையும் தூரமாக அனுப்புகிறார்களா? வெடிக்காமல் நின்ற தோட்டா இருந்தால் என்ன செய்கிறார்கள்?

3. துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சுகிறார்களா? வேலைக்குச் சேரும்போதும், பிறகு ஐந்து வருடத்துக்குள் ஒரு முறையாவதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. உனக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா?

4. டிப்பரும் ஹிட்டாச்சியும் ஓடும் பாதையும் ஆள் நடக்கும் பாதையும் தனித்தனியா?

5. ஹெல்மெட், பூட்ஸ், முகக்கவசம் கொடுத்தார்களா?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

இன்னொன்று. இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், “இவர் கல் வேலை செய்தவர்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பரிசோதனையின் திசையையே மாற்றலாம். சிலிகோசிஸ் என்று சான்று கிடைத்தால் அது தொழிலால் வந்த நோய், அதற்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ராஜஸ்தான் அரசு 2019-ல் இதற்கெனத் தனிக் கொள்கையே கொண்டுவந்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் அறிவித்தது. இத்தனை குவாரிகள் இருக்கும் தமிழ்நாட்டின் தொழிலாளர்களுக்கும் அப்படியொரு கொள்கை தேவை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த பிறகு நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, வழக்கு பதிவாகிறது, குவாரி சில காலம் மூடப்படுகிறது. அதற்கு முன்பே ஒவ்வொரு குவாரியின் வாசலிலும் தமிழில் ஒரு போர்டு வைக்க முடியாதா? ‘மேலே விரிசல் கண்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். வேலை நின்றாலும் அன்றைய கூலி உண்டு’ என்று இரண்டே வரி. மீட்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.

சந்தை கலையத் தொடங்கியிருந்தது. விற்காத ஆடுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் எழுந்தார். பேரன் அடுத்த வாரம் வேலைக்குப் போவாரா என்று கேட்டோம்.

“போவான். போவாம இன்னா பண்ணுவான்? வூட்டுல தங்கச்சிக்குக் கல்யாணம் இருக்குது” என்றவர், கொஞ்ச நேரம் இருமிவிட்டுச் சொன்னார். “போவட்டும். ஆனா நான் போன் பண்ணுவேன். தினமும் காலையில ஏழு மணிக்கு.”

என்ன கேட்பார் என்று நாம் கேட்கவில்லை.